கோதுமை இல்லாத பீட்சா மாவுக்கு பிரெட் மெஷின்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

மாவைக் கலக்கி, பொங்க விட்டு, சுட்டும் தரும் எங்கள் வீட்டு பிரெட் மெஷினுக்குள் இதுவரை ஒரு சிட்டிகை கோதுமை மாவுகூட விழுந்ததில்லை. வாங்கியதே அதற்காகத்தான். மகனுக்குப் பதினோரு வயதில் சீலியாக் நோய் என்று உறுதியானது. கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் அவன் வயிற்றுக்குள் போகவே கூடாது, அதுவும் வாழ்நாள் முழுக்க. வட இந்தியாவோடு ஒப்பிட்டால் நம் பக்கம் இந்த நோய் குறைவு. அதனாலோ என்னவோ, கடைகளில் இதைப் பற்றிப் புரியவைப்பதே பெரிய வேலையாக இருக்கிறது. நமக்கு இட்லி, தோசை, இடியாப்பம் எல்லாம் இருப்பதால் சாப்பாட்டுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் பதினோரு வயதுப் பிள்ளை கேட்பது பீட்சாவைத்தானே.

முதலில் ஒரு கடையில் "குளூட்டன் ஃப்ரீ" என்று மெனுவில் போட்டிருந்ததை நம்பி வாங்கிக் கொடுத்தோம். அப்புறம் பில் போடப் போனபோதுதான் பார்த்தேன், மைதாவைத் தூவித் தேய்க்கும் அதே மேடையில்தான் அந்த பீட்சாவின் அடிப்பாகமான பேஸையும் வைத்து எடுக்கிறார்கள். அன்று இரவும் மறுநாளும் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. அதோடு வீட்டிலேயே செய்வது என்று முடிவெடுத்து, 14,000 ரூபாய் சொச்சம் கொடுத்து இந்த மெஷினை வாங்கினோம். பதினாறு புரோகிராம், அதில் ஒன்று குளூட்டன் ஃப்ரீ.

விஷயத்துக்கு வருகிறேன். மெஷினில் "பீட்சா டோ" என்று தனியாக ஒரு பட்டன் இருக்கும். நமக்கு அது உதவாது. என் முதல் நான்கு முயற்சிகளும் அந்த பட்டனால்தான் கெட்டன. அது கோதுமைக்காகச் செய்த புரோகிராம்: பிசையும், பொங்க விடும், மறுபடி பிசையும், மறுபடி பொங்க விடும். மைதாவைப் பிசையப் பிசைய அதில் உள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பின்னி ரப்பர் மாதிரி வலை ஆகும். ஈஸ்ட் விடும் காற்றை அந்த வலை பிடித்துக்கொள்ளும், அமுக்கினாலும் மறுபடி எழும். அரிசி மாவில் அந்த வலையே கிடையாது. இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். உளுந்தின் வழவழப்புதான் அங்கே காற்றைத் தாங்குகிறது, நன்றாகப் பொங்கி நிற்கும் மாவைக் கரண்டி விட்டுக் கலக்கினால் இட்லி கல்லாகிவிடும் என்று நம் வீட்டுப் பாட்டிகளுக்கே தெரியும். இங்கேயும் அதேதான். ஒரு தடவை கலக்க வேண்டும், ஒரு தடவை பொங்க விட வேண்டும், அதற்குமேல் தொடக்கூடாது. குளூட்டன் ஃப்ரீ புரோகிராம் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் பொங்கி முடித்ததும் அதுவே சுடவும் ஆரம்பித்துவிடும், ஆகவே கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொண்டு சூடு ஏறுவதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். என் மெஷினில் அது 68-வது நிமிடம். உங்களுடையதில் எத்தனை என்று ஒரு தடவை கடிகாரத்தோடு பக்கத்தில் நின்று பார்த்துவிடுங்கள்.

உளுந்தின் வேலையை இங்கே செய்வது இசப்கோல் உமி. மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்குக் கொடுப்பதேதான், ஆனால் ஆரஞ்சு வாசனையும் சர்க்கரையும் சேர்த்தது வேண்டாம், வெறும் உமியாகக் கேட்டு வாங்குங்கள். மாவைக் கெட்டியாகக் கூட்டும் சாந்தன் கம் பொடி போட்டும் செய்தேன். மாவு கூடியது, ஆனால் ஆறினதும் வாயில் ஒரு கொழகொழப்பு, மகன் பாதியிலேயே வைத்துவிட்டான். இசப்கோலுக்கு மாறிய பிறகுதான் கடித்து இழுக்கிற அந்த மெல்லும் தன்மையே வந்தது.

இப்போது நான் போடும் அளவு: நைசான பச்சரிசி மாவு 200 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 120 கிராம், வெள்ளைச் சோள மாவு 80 கிராம், இசப்கோல் 20 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 10 கிராம், உப்பு 8 கிராம், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் 400 மில்லி. சோளம் என்று நான் சொல்வது ரொட்டி தட்டும் நாட்டுச் சோளத்தை. மக்காச்சோளமும் இல்லை, கார்ன்ஃப்ளாரும் இல்லை. ஸ்டார்ச்சுக்குப் பதிலாக ஜவ்வரிசியை மிக்ஸியில் அரைத்துப் போட்டால் போதாதா என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஜவ்வரிசி தயாரிக்கும்போதே சூடு பட்டுப் பாதி வெந்தது. அது தண்ணீரை இழுக்கும் விதமே வேறு, மாவு பசையாகிவிட்டது.

மாவு விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சீலியாக் உள்ளவர்களுக்காகச் செய்கிறீர்கள் என்றால் தெருமுனை மாவு மில்லில் அரிசியைக் கொடுத்து அரைக்காதீர்கள். நமக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள், அது நம் மாவோடு சேர்ந்து வரும். வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள், இல்லையென்றால் குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட்டாக வாங்குங்கள். அப்படி அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. பெருங்காயத்தையும் பாருங்கள், கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, ஆறு மாதம் சாம்பாரில் போட்டுக்கொண்டிருந்தோம்.

செய்முறையில் முதல் வேலை, இசப்கோலைத் தண்ணீரில் போட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் வைப்பது. கூழ் மாதிரி ஆகிவிடும். அதை முதலில் மெஷின் பாத்திரத்தில் ஊற்றி, எண்ணெய், மாவுகள், உப்பு, சர்க்கரை, கடைசியாக மேலே ஈஸ்ட். காய்ந்த உமியை அப்படியே மாவோடு போட்டால் ஜெல்லிக் கட்டிகளாக நிற்கும். ஓட விட்ட முதல் மூன்று நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும், ஏனென்றால் மாவைக் கலக்கும் துடுப்பு நடுவில் ஒரு உருண்டையைச் சுற்றிக்கொண்டே இருக்கும், பாத்திரத்தின் நான்கு மூலைகளிலும் மாவு வெள்ளையாக, நனையாமல் அப்படியே ஒதுங்கியிருக்கும். கோதுமை மாவாக இருந்தால் உருண்டையே சுவரைத் துடைத்து எடுத்துவிடும், இது எடுக்காது. சிலிக்கான் கரண்டியால் மூலைகளை நடுவுக்குத் தள்ளிக் கொடுங்கள். பத்து நிமிடத்தில் மாவு பளபளப்பாகி, துடுப்பு திரும்பும்போது சளக் சளக் என்று ஒரு சத்தம் வரும். அதுதான் பதம். முறுக்கு மாவை விடத் தளர்வு, வடை மாவை விடக் கெட்டி. தண்ணீர் குறைவாக இருந்தால் துடுப்பு மாவைத் தூக்கிக்கொண்டு தடதடவென்று ஆடும், அப்போது ஒவ்வொரு கரண்டியாகத் தண்ணீர் சேருங்கள். இரண்டு மடங்காகப் பொங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒன்றரை மடங்கு வந்தால் நல்ல மாவு.

சப்பாத்திக் கட்டையை எடுக்கவே வேண்டாம். பட்டர் பேப்பரில் எண்ணெய் தடவி, ஈரக் கையால் அடை தட்டுவது போல நடுவிலிருந்து வெளியே தட்டிக்கொண்டு போக வேண்டும், ஓரத்தில் விரிசல் விட்டால் விரலை நனைத்துத் தடவினால் கூடிவிடும். மேலே சொன்ன அளவுக்குப் பத்து அங்குலத்தில் மூன்று வரும். ஓடிஜி என்னும் சின்ன மின் ஓவனை 230 டிகிரியில் நன்றாகச் சூடாக்கி, மேலே எதுவும் வைக்காமல் வெறும் பேஸை 9 நிமிடம் சுட்டு எடுத்து, பிறகு சாஸும் சீஸும் வைத்து இன்னொரு 8 நிமிடம். முதல் சுடுதலைத் தவிர்த்தால் நடுப்பகுதி வேகாமல் களி மாதிரி இருக்கும், நான் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

மெஷினின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். துடுப்பு மாட்டும் ஓட்டைக்குள் இந்த மாவு புகுந்து காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும், எடுத்த உடனே வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊற வைத்தே ஆக வேண்டும். கூடவே கொடுத்த புத்தகத்தில் குளூட்டன் ஃப்ரீக்கு ஒரே ஒரு செய்முறை, அதுவும் நம் ஊரில் கிடைக்காத ரெடிமேட் மாவுக் கலவையை வைத்து. கரண்ட் போனால் பத்து நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும், அதற்குமேல் போனால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறது. பொங்கும் கட்டத்தில் அப்படி ஆனால் மறுபடி ஓட விடாதீர்கள், மூடியைத் திறக்காமல் அப்படியே விட்டால் உள்ளிருக்கும் சூட்டிலேயே பொங்கிவிடும்.

சும்மா கோதுமையைக் குறைக்கலாம் என்று நினைப்பவர்கள், மாதம் ஒரு முறை பீட்சா செய்பவர்கள் இதை வாங்க வேண்டாம். ஒரு பெரிய பாத்திரமும் மரக்கரண்டியும் போதும், பதினைந்து நிமிடம் கை வலிக்கும், அவ்வளவுதான். எங்களைப் போல வாரம் இரண்டு தடவை செய்ய வேண்டிய வீடு என்றால் தயங்காமல் வாங்குங்கள். ஆனால் புதிதாக வாங்குங்கள். கோதுமை பிரெட் செய்த பழைய மெஷினை நன்றாகக் கழுவிக் கொடுக்கிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம், துடுப்பின் அடியிலும் மூடியின் இடுக்கிலும் ஒட்டியிருப்பதை எந்தக் கழுவலும் முழுசாக எடுக்காது. வீட்டில் மற்றவர்களுக்கு மைதா பிரெட் செய்யவும் அதே மெஷினைத் தொடக்கூடாது. என் கணவருக்கு அதில் வருத்தம்தான், ஆனாலும் மெஷின் மேல் மகன் பெயரை எழுதி ஒட்டியவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேஸ் முதல் சுடுதல் வரை செய்து, ஆறவிட்டு, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் அடுக்கிவிடுகிறேன். மூன்று வாரம் தாங்குகிறது. உருக வைக்கத் தேவையில்லை, அப்படியே எடுத்து மேலே வேண்டியதை வைத்து 220 டிகிரியில் 12 நிமிடம். போன வாரம் மகன் அவன் நண்பனின் பிறந்தநாளுக்குப் போகும்போது, ஒன்றைச் சுட்டு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். மற்ற பிள்ளைகள் பாதியைப் பிடுங்கிச் சாப்பிட்டுவிட்டார்கள் என்று வந்து சொன்னான், அடுத்த தடவை இரண்டு வேண்டுமாம்.