விவால்டி சலித்துவிட்டதா? ‘எய்ட் சீசன்ஸ்’ இசைத்தட்டைக் கேளுங்கள்

இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ என்ற வயலின் படைப்பு கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் உடனே பரிந்துரைப்பது, வயலின் கலைஞர் கிடோன் கிரெமர் தமது கிரெமராட்டா பால்டிகா என்ற தந்தி வாத்தியக் குழுவோடு வாசித்து 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ‘எய்ட் சீசன்ஸ்’. விவால்டியின் நான்கு பருவங்களையும், அர்ஜென்டினாவின் இசையமைப்பாளர் ஆஸ்டர் பியாசோலா புவெனஸ் ஐரிஸ் நகருக்காக எழுதிய நான்கு பருவங்களையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள். இந்த வரிசைதான் தட்டின் உயிர். செயலியில் கேட்பவர்கள் தயவுசெய்து வரிசையைக் கலைத்துவிடாதீர்கள்.

1725-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறிய விவால்டியின் படைப்பில் பருவத்துக்கு ஒரு கவிதை உண்டு. எந்த அடி எந்த இடத்தில் ஒலிக்கிறது என்பது இசைக்குறிப்பிலேயே இருக்கிறது. வசந்தத்தின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தனி வயலின், உறங்கும் ஆட்டிடையன். மற்ற வயலின்கள், இலைகளின் சலசலப்பு. வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா இரண்டிரண்டாகத் தட்டும் சுரம், காவல் நாயின் குரைப்பு. அதை எப்போதும் உரக்க, பிய்த்தெடுப்பதுபோல் வாசிக்க வேண்டும் என்று விவால்டி எழுதியே வைத்திருக்கிறார். மெருகு கெட்டுவிடும் என்று அஞ்சிப் பலரும் அதை அடக்கி வாசிப்பது எனக்குப் பொறுப்பதில்லை. நாய் குரைக்காவிட்டால் அது வெறும் தாலாட்டு.

பியாசோலா தம் பருவங்களை ஒரே மூச்சில் எழுதவில்லை. 1965-இல் கோடை வந்தது. மற்ற மூன்றும் 1970-க்குள் வந்து சேர்ந்தன. பந்தோனியன் (அக்கார்டியன் போன்ற துருத்தி வாத்தியம்), வயலின், பியானோ, எலெக்ட்ரிக் கிட்டார், டபுள் பேஸ் என்று ஐவர் வாசிக்கும் டாங்கோ என்ற நடன இசை அது. அதைத் தனி வயலினுக்கும் தந்திக் குழுவுக்கும் மாற்றி அமைத்தவர் இசையமைப்பாளர் லியோனித் தேஸ்யாத்னிகோவ். அவர் செய்த ஒரு வேலையை நான் எத்தனை முறை பாராட்டினாலும் தகும். ஐரோப்பாவில் பனி கொட்டும்போது புவெனஸ் ஐரிஸில் வெயில் கொளுத்தும். ஆகவே, பியாசோலாவின் கோடைக்குள் விவால்டியின் குளிர்காலத்திலிருந்து சில துணுக்குகளைச் செருகியிருக்கிறார். வயலினில் தந்திகளைத் தாங்கும் ‘பாலம்’ என்ற மரத்துண்டுக்குப் பின்புறம் வில்லைத் தேய்த்து எழுப்பும் கரகரப்புக்கு நடுவே, பழகிய அந்தச் சுரங்கள் தலைகாட்டும்போது எனக்கு உடல் சிலிர்க்கும். பூமியின் இரண்டு பாதிகளும் ஒரே நேரத்தில் காதில் விழுகின்றன!

அதன்பிறகு வரும் விவால்டியும் மாறித்தான் ஒலிக்கிறார். டாங்கோவின் வெட்டும் தாளத்தில் ஊறிய காதுக்கு, அவருடைய கோடைப் புயலின் கூர்மை இரண்டு மடங்காகத் தெரிகிறது. மறுபக்கம், பியாசோலாவின் குளிர்காலம் முடியும் இடத்தில் டாங்கோ அடங்கி, விவால்டி வாழ்ந்த பரோக் காலத்து இசைபோல் நிதானமாக இறங்குகிறது. அது பியாசோலாவே எழுதிய முடிவு. தனியாகக் கேட்டால் கொஞ்சம் ஒட்டாததுபோல் தோன்றும். இங்கே விவால்டியின் பக்கத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது.

குறை என்று பார்த்தால், பந்தோனியன் இல்லாதது பெரிய இழப்பு. அதன் துருத்தி இழுக்கும் பெருமூச்சைத் தந்திகளால் ஈடுசெய்ய முடியவில்லை. கிரெமரின் வில்லும் முரட்டு வில். இழைத்து இழைத்து வாசிக்கும் இனிமையைத் தேடுபவர்களுக்கு இது ஒத்துவராது. வேலைக்கு நடுவே பின்னணியில் ஓடவிடவும் உகந்ததல்ல. பியாசோலாவை முதன்முதலாகக் கேட்கப் போகிறவர்கள், அவரே தம் ஐவர் குழுவுடன் வாசித்த பதிவுகளை முதலில் கேட்டுவிட்டு இதற்கு வருவது நல்லது.