நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்ன்: கிருமியின் பயணத்தைக் காட்டும் மரம், நம்பக் கூடாத கோடுகள்

மனிதர் ஊர் விட்டு ஊர் போகையில் கூடவே போன கிருமி வழியில் எப்படி மாறியது என்பதைக் காட்ட நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்ன் போல எளிய இணையதளம் வேறில்லை. கிருமி மாதிரிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, எது எதிலிருந்து கிளைத்தது என்பதை ஒரு வம்ச மரமாகவும் வரைபடமாகவும் காட்டுகிறது. ட்ரெவர் பெட்ஃபோர்ட், ரிச்சர்ட் நெஹர் என்ற ஆய்வாளர்களின் குழுக்கள் உருவாக்கியது. இலவசம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

கொசுவால் பரவும் ஜிகா வைரஸின் பக்கத்தில் தொடங்குங்கள். 'கலர் பை' பட்டியலில் நாட்டைத் தேர்ந்தால், பசிபிக் தீவுகளின் நிறத்திலிருந்து பிரேசிலின் நிறம் பிரிவதும், அங்கிருந்து கரீபியன் கிளைகள் துளிர்ப்பதும் தெரியும். பிரேசில் இத்தொற்றை உறுதிசெய்தது 2015 மே மாதம். கிளை மேல் சுட்டியை வைத்துத் தேதியைப் பாருங்கள்: அதற்கு ஓராண்டுக்கும் முன்பே வைரஸ் அங்கே பரவியிருக்கிறது. தேதியோடு வரும் நம்பக எல்லையையும், அதாவது உண்மைத் தேதி இருக்கக்கூடிய கால இடைவெளியையும், படியுங்கள். ஒற்றைத் தேதியை மட்டும் எடுத்து எழுதாதீர்கள்.

அடுத்து லேஅவுட்டை 'க்ளாக்' ஆக்குங்கள்; ஒவ்வொரு மாதிரியின் தேதிக்கு எதிரே அதில் சேர்ந்த மரபணு மாற்றங்களைப் புள்ளியாகக் காட்டும் படம் அது. புள்ளிகள் ஒரு சாய்கோட்டை ஒட்டி நிற்கும். வெகுதூரம் விலகிய புள்ளிக்கு, மாதிரி எடுத்த தேதியோ வரிசையோ (படித்தெடுத்த மரபணு எழுத்துகளின் தொடர்) பிழையா என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஜிகாவின் முழு மரபணுத் தொகுதியில் சுமார் 10,800 எழுத்துகள். ஆண்டுக்குப் பத்துச் சொச்சம் மாறுகின்றன. அதாவது ஒரு மாற்றத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம். ஆகவே இருவரின் வரிசைகள் ஒன்றாக இருப்பதால் மட்டும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது என்று சொல்லவே முடியாது.

பெரிய குறை வரைபடத்தில்தான். 'ப்ளே' அழுத்தியதும் ஓடும் கோடுகள் விமானப் பாதைகள் அல்ல. மூதாதை வைரஸ் எந்த நாட்டில் இருந்தது என்பது ஊகக் கணக்கு. வட்டங்களும் நாட்டுக்கு ஒன்றாகப் பொதுவான இடத்தில் நிற்பவை. அதிக மாதிரிகளை வரிசைப்படுத்திய நாடு, தொற்றின் பிறப்பிடம் போலத் தோற்றம் தரும். எதுவும் பதிவேற்றாத நாடு வழியில் இருந்தாலும் மரத்தில் இராது. இதைக் கவனிக்காமல் ஒரு நாட்டின் மேல் பழி போடுவது பெரும் அநியாயம்.

பல்லாயிரம் ஆண்டு இடப்பெயர்வைத் தேடுவோருக்கு இது உதவாது. வயிற்றில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, மனிதர் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்ட காலத்திலிருந்தே கூட வருகிறது. ஆனால் அது தன் இனத்துக்குள் மரபணுத் துண்டுகளை ஓயாமல் மாற்றிக்கொள்வதால், ஒற்றை மரத்தில் அதன் கதை அடங்காது. அதற்கு மக்கள்தொகைக் கலப்பைக் கணக்கிடும் 'ஸ்ட்ரக்சர்' போன்ற மென்பொருள் வேண்டும்.