எட்டு டேபிள், நாற்பது பேர், ஒரு மவுஸ்

2019 மார்ச்சில், கோவையில் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் போக்கர் சீட்டாட்டத்தை ஒற்றை டேபிளில்தான் ஆரம்பித்தேன். ஆறு பேர் உட்காரும் ஹோல்டம் என்ற வகை. இருவர் கட்டாயமாகப் போட வேண்டிய தொடக்கப் பந்தயமான பிளைண்ட் 5-10 ரூபாய், டேபிளுக்குக் கொண்டுபோகும் பணமான பை-இன் ஆயிரம் ரூபாய். ஒரே வாரத்தில் சலித்துவிட்டது. ஆன்லைனில் ஒரு டேபிளுக்கு மணிக்கு எழுபது, எண்பது ஹேண்ட், அதாவது அத்தனை முறை சீட்டு போடுவது, வரும். நேரில் உட்கார்ந்து ஆடினால் முப்பதைத் தாண்டுவதே பெரிய விஷயம். அந்த எண்பதிலும் முக்கால்வாசியை ஃபோல்டு பண்ணிவிட்டு, அதாவது சீட்டைக் கைவிட்டுவிட்டு, அடுத்தவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ராண்டி லூ என்ற போக்கர் ஆட்டக்காரரைப் பற்றிப் படித்தேன். 2012 ஜனவரியில் ஒரே சமயத்தில் பல டேபிளில் உட்கார்ந்து எட்டு மணி நேரத்தில் 23,493 ஹேண்ட் ஆடி கின்னஸில் ஏறியவர். மணிக்கு ஏறக்குறைய 2,900! அந்த எண்ணில் மயங்கியவன், கூடவே இருந்த இன்னொரு எண்ணைக் கண்டுகொள்ளவில்லை. எட்டு மணி நேரம் முடிந்தபோது அவருக்கு நின்ற லாபம் 7.65 டாலர்.

இரண்டு, நான்கு, ஆறு என்று ஏற்றி, அந்த வருட தீபாவளிக்குள் எட்டு டேபிளுக்கு வந்துவிட்டேன். 24 அங்குல மானிட்டரில் நான்கு டேபிள் ஒன்றையொன்று மறைக்காமல் நிற்கும், எட்டு நிற்காது. 27 அங்குலம் ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். ஊரிலிருந்து வந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, டிவி கடை மாதிரி வெச்சிருக்க?" என்றார். முதல் மின்வெட்டில் எட்டு டேபிளும் ஒரே நொடியில் கையை விட்டுப் போனது. அதன் பிறகு கம்ப்யூட்டருக்கு ஒரு யுபிஎஸ், ரவுட்டருக்குத் தனியாக ஒன்று. ரவுட்டருக்கும் வேண்டும் என்பது பலருக்கு முதலில் தோன்றுவதில்லை.

என் எக்செல் கணக்கைச் சொல்கிறேன். நூறு ஹேண்டுக்கு எத்தனை பிக் பிளைண்ட் (பெரிய பிளைண்ட், என் ஆட்டத்தில் 10 ரூபாய்) ஜெயிக்கிறோம் என்பதுதான் இதில் அளவுகோல். ஒரு டேபிள் ஆடியபோது எனக்கு 6. நான்கில் 4. எட்டில் ஒன்றரை. ரூபாயில் சொன்னால் ஒரு டேபிளில் மணிக்கு 48, நான்கில் 128. எட்டில் 256 வர வேண்டுமே என்று யாரும் கேட்பார்கள். வந்தது 96. பன்னிரண்டை இரண்டே வாரம் முயன்றேன், அந்தக் கணக்கை எழுத வெட்கமாக இருக்கிறது. யார் ஜெயித்தாலும், பந்தயப் பணம் சேரும் பானையிலிருந்து ரேக் என்று ஒரு பங்கு போய்க்கொண்டே இருக்கும். டேபிள் கூடக் கூட ஆட்டத்தை நடத்துகிறவருக்கு வருமானம் ஒழுங்காகக் கூடும், நமக்குத்தான் ஒழுங்கில்லாமல்.

எங்கே கசிந்தது என்று தேடினேன். தவறான கிளிக் ஒரு காரணம், ஆனால் சின்னக் காரணம்தான். ஒரு முறை கையில் ஜோடி எட்டு, ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக விரிக்கும் முதல் மூன்று சீட்டில், மூன்றாவது எட்டு விழுந்திருக்கிறது, பானையில் 1,400 ரூபாய். வேறொரு டேபிளில் குப்பைக் கையை ஃபோல்டு பண்ண எஃப்1 அழுத்தப் போன அதே கணத்தில், இந்த டேபிள் முன்னால் குதித்தது. விரல் நிற்கவில்லை. மூன்று எட்டும் போயிற்று. நாற்காலியிலிருந்து எழுந்து மாடிப்படியில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மற்ற ஏழு டேபிளில் பிளைண்ட் ஓடிக்கொண்டிருந்தது.

பெரிய கசிவு வேறு. ஒரு ஆட்டக்காரர் இருந்தார், தினமும் இரவு பத்துக்கு வருவார். ரிவரில், அதாவது கடைசிப் பொதுச் சீட்டு விழுந்ததும், நல்ல கை இருந்தால் நான்கைந்து நொடி தயங்கிவிட்டுச் சின்னதாக ரெய்ஸ் போடுவார் (பந்தயத்தை உயர்த்துவார்), கையில் ஒன்றுமில்லாத வெறும் புளுஃப் என்றால் உடனே பெரிதாக. இரண்டு டேபிள் ஆடிய காலத்தில் இதைக் கண்டுபிடித்துக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். எட்டு டேபிளில் அவருடைய தயக்கம் என் கண்ணிலேயே படவில்லை. நான் திரும்பும்போது ரெய்ஸ் வந்து நிற்கும், யோசிக்கக் கிடைக்கும் கூடுதல் நேரமான டைம் பேங்க் சிவப்பில் ஓடும், அவ்வளவுதான். அதைவிட மோசம், அவர் என்னைப் படித்துவிட்டார். டேபிள்களின் பட்டியல் இருக்கும் லாபியில் என் பெயரைத் தேடினால் எட்டு டேபிளில் உட்கார்ந்திருப்பது தெரியும். இத்தனை டேபிள் ஆடுகிறவன் சந்தேகம் வந்தால் யோசிக்க மாட்டான், ஃபோல்டுதான். ரிவரில் ரெய்ஸ் போட்டே என்னைக் கறந்தார். ஆறு மாதம் கழித்து, ஆடிய ஹேண்டுகளின் பதிவான ஹேண்ட் ஹிஸ்டரியைப் புரட்டியபோதுதான் எனக்கே விளங்கியது.

இதில் நல்லதே இல்லையா என்றால் உண்டு. ஒற்றை டேபிளில் சலிப்பு தாங்காமல் ஆடிய ராஜா-ஐந்து, ராணி-மூன்று மாதிரி பலவீனமான கைகள் எல்லாம் நான்கு டேபிளில் தானாக நின்றுபோயின. நல்ல கைக்குக் காத்திருப்பது சுமையாகத் தெரியவில்லை. ஒரு டேபிளில் அடி வாங்கினால் கோபம் ஏறுவதற்குள் அடுத்த டேபிள் கூப்பிட்டுவிடும். எட்டில் அப்படி இல்லை, அங்கே கோபமும் சேர்ந்தே டேபிள் மாறும். கடைசியில் நான்கில் நின்றேன், ஞாயிறு மாலை மட்டும் ஐந்து. இதே ஆட்டத்தைக் கைபேசியில் மூன்று டேபிளாக ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னால் முடியாது.

கணக்கின் நடுவே ஓட்டைகளும் இருக்கின்றன. 2020 நவம்பரில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து தமிழக அரசின் அவசரச் சட்டம் வந்து நிறுத்தினேன். 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்த பிறகு திரும்பினேன். 2023 ஏப்ரலில் புதுச் சட்டம், மறுபடி நவம்பர் வரை இடைவெளி. அதே ஏப்ரலில்தான் நிகர வெற்றிக்கு 30 சதவீத டிடிஎஸ் (முன்கூட்டிய வரிப் பிடித்தம்) வந்தது, அக்டோபரில் 28 சதவீத ஜிஎஸ்டி. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்ற விதி. அது ஒன்றுதான் எனக்குப் பிடித்திருந்தது, தூக்கம் திரும்பி வந்தது.

2025 ஆகஸ்ட் 21 அன்று நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்தது. அதற்கு முந்தைய ஞாயிறு ஐந்து டேபிள் ஆடியதுதான் கடைசி. மீதிப் பணத்தை எடுத்துவிட்டு எக்செல்லைக் கூட்டிப் பார்த்தேன். 1,940 மணி நேரம், வரிக்கு முன் 1,70,720 ரூபாய். மணிக்கு 88. மானிட்டரையும் இரண்டு யுபிஎஸ்ஸையும் கழிக்கவில்லை.