நாய்க்குட்டி வயிறு சரியில்லையா? 28,000 பறிகொடுத்தவள் எழுதுகிறேன், ஏமாறாதீர்கள்

பதிவு நீளமாக இருக்கும். கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு பட்டியல் போடுகிறேன்.

இருபத்தெட்டாயிரம். அது இனி வராது என்பதை இன்று காலை ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள்: "உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது." யார் முடித்துவைத்தது, எப்படி முடிந்தது, ஒன்றும் கிடையாது. பெயரைப் போட மாட்டேன், ஏற்கெனவே ஒரு தடவை வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டிவிட்டார்கள். வகையை மட்டும் சொல்கிறேன். செல்லப்பிராணிகளுக்கான ஆன்லைன் 'குடல் நலத் திட்டம்'. ஆப்பில் சேர வேண்டும், ஓர் ஆலோசகரை ஒதுக்குவார்கள், மாதாமாதம் பெட்டி வரும். குட்டிக்கு லூஸ் மோஷன் என்று போனில் ஒரு தடவை தேடிப் பாருங்கள், அடுத்த நாளிலிருந்து இவர்கள் விளம்பரம் உங்களை விடாது.

ஜிம்மி எங்களிடம் வந்தபோது இரண்டு மாதக் குட்டி. வந்த நாளிலிருந்தே ஆய் சரியில்லை. இரண்டு நாள் கெட்டியாகப் போவான், மூன்றாம் நாள் கூழாகப் போவான், மேலே சளி பளபளவென்று படிந்திருக்கும், வாடை வீட்டை விட்டுப் போகவே போகாது. ஆனால் ஓடுவான், கடிப்பான், தட்டில் வைத்ததை ஒரே மூச்சில் காலி செய்வான். எடை மட்டும் ஏறவில்லை. முதலில் காட்டிய டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார், அவித்த கோழியும் சோறும் கொஞ்ச நாளைக்குக் கொடுங்கள், நிற்காவிட்டால் கூட்டி வாருங்கள் என்றார். நின்றது. அப்பாடா என்று நாங்கள் உட்காரும்போது திரும்ப ஆரம்பித்தது. இப்படியே நின்று நின்று வந்ததுதான் இவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

நம்பிய இடத்தைச் சொல்கிறேன். நடுராத்திரி. தரையைத் துடைத்துவிட்டு, ஆத்திரத்தில் அந்த ஆயைப் படம் எடுத்து ஆப்பில் போட்டேன். காலையில் யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்தால் உடனே பதில் வருகிறது. "குட்டி பேர் என்ன அக்கா?" அதுதான் முதல் கேள்வி. அடுத்து நான் அனுப்பிய அதே படம் திரும்பி வந்தது, சளி இருந்த இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு. பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ்: "பயப்படாதீங்க அக்கா, நான் இருக்கேன்ல. ஜிம்மி என் குட்டி மாதிரி." தூக்கம் கெட்டுப்போய்க் கிடக்கிற ஒருத்திக்கு அந்த நேரத்தில் அப்படி ஒரு குரல் கேட்டால் எப்படி இருக்கும் என்று குட்டி வளர்த்தவர்களுக்குத் தெரியும். வளர்க்காதவர்கள் "போட்டோவைப் பாத்து வைத்தியமா?" என்று சிரிக்கலாம், சிரித்துவிட்டுப் போங்கள்.

போட்டோவைப் பார்த்தே நோயையும் சொல்லிவிட்டார்கள். குடல் சுவர் பலவீனமாகி உள்ளே கசிகிறதாம். மூன்று மாதத் திட்டம், ஒரே தவணையில் கட்டினால் சலுகை, 28,000. "90 நாளில் கெட்டியாகாவிட்டால் முழுப் பணமும் வாபஸ்" என்று ஆப்பின் முதல் பக்கத்திலேயே பச்சை எழுத்தில் இருக்கிறது. இன்றைக்கும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

கட்டுவதற்கு முன்னால் நான் ஒரு கேள்வி கேட்டேன், ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன். மலப் பரிசோதனை எடுத்துவிட்டு ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் பழைய முறை அக்கா, எங்க டெஸ்ட் அதைவிட அட்வான்ஸ்." பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் ஆய் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். ரிப்போர்ட் வந்தது, பக்கம் பக்கமாகக் கலர் வட்டங்கள், வாயில் நுழையாத பாக்டீரியா பெயர்கள், கடைசியில் "குடல் சமநிலை 34%". குட்டிக்கு உள்ளே புழு இருக்கிறதா, ஒட்டுண்ணி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் டெஸ்ட் அதைத் தேடுவதே இல்லை. எந்த டாக்டரும் முதலில் கேட்கிற கேள்வி அது!

பெட்டியில் ஒரு டப்பா பவுடர், ஒரு பாட்டில் சொட்டு மருந்து, ஒரு மூட்டை உணவு. பழைய உணவை அன்றே நிறுத்திவிட்டு இதற்கு மாறச் சொன்னார்கள். குட்டியின் உணவை மாற்றுவதென்றால் பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஏழு முதல் பத்து நாளில் மாற்ற வேண்டும் என்று உணவு மூட்டைகளிலேயே அச்சடித்திருக்கும். நன்றாக இருக்கும் குட்டிக்கே சட்டென்று மாற்றினால் வயிறு கெடும். ஜிம்மிக்குக் கேட்கவே வேண்டாம், அன்று ராத்திரியே தண்ணீராகப் போனான்.

கேட்டேன். "கழிவெல்லாம் வெளியேறுது அக்கா, நல்ல அறிகுறி." அடுத்த வாரமும் நிற்கவில்லை. "நீங்க வேற ஏதாவது குடுத்திருப்பீங்க." கொடுக்கவில்லை என்றேன். "வீட்ல வேற யாராவது குடுத்திருப்பாங்க." என் மாமியாரை இழுத்துவிட்டார்கள், அதற்கு வீட்டில் தனியாக ஒரு சண்டை. பிறகு ஆலோசகர் மாறிவிட்டார். புதியவர் முதலிலிருந்து "குட்டி பேர் என்ன?" என்றார். அதற்கடுத்தவர் ஜிம்மியைப் பெண் குட்டி என்றே எழுதிக்கொண்டிருந்தார். "என் குட்டி மாதிரி" என்று சொன்ன அந்தப் பெண் எங்கே என்று கேட்டால் "அவர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளார்". போன் நம்பர் ஒன்று உண்டு, அதில் பாட்டு மட்டும்தான் ஓடும்.

இதற்கிடையில் அந்தப் பவுடர் டப்பா. ஈரக்கையோடு எடுத்தபோது ஸ்டிக்கரின் ஓரம் சுருண்டு வந்தது. இழுத்தேன், அடியில் இன்னொரு லேபிள். மேலே இருந்ததில் "சிறப்புப் புரதக் கலவை". அடியில் இருந்ததில் பட்டியலின் முதல் பெயர், கொழுப்பு நீக்கிய பால் பவுடர். தாய்ப்பால் மறந்த குட்டிகளுக்குப் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கிற என்சைம் குறைந்துகொண்டே போகும். செரிக்காத லாக்டோஸ் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், ஆய் இளகும். வயிற்றுப்போக்குக்கு மருந்து என்று காசு வாங்கிக்கொண்டு பால் பவுடரை விற்றிருக்கிறார்கள். ஸ்பூன் வைத்து அளந்து அளந்து நானே ஊட்டியிருக்கிறேன், எழுதும்போதே வயிறு எரிகிறது.

பணத்தைக்கூட விடுங்கள். ஒரு நாள் ஜிம்மி வாந்தி எடுத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டு படுத்துவிட்டான், கூப்பிட்டால் வாலைக்கூட ஆட்டவில்லை. ஆப்பில் கேட்டேன். வந்த பதிலை அப்படியே போடுகிறேன்: "டாக்டரிடம் போனால் ஆன்டிபயாடிக் கொடுத்து இதுவரை நாம் செய்ததை வீணாக்கிவிடுவார்கள். இரண்டு நாள் பாருங்கள்."

இரண்டு நாள்! குட்டிகளுக்கான தடுப்பூசி ஒரே ஊசியோடு முடிவதில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம் என்பதால் குறைந்தது 16 வாரம் வரை தவணை தவணையாகப் போடுவார்கள். அது முடியாத குட்டி வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு படுத்தால் முதலில் பார்வோவா, அதாவது குட்டிகளைக் கொல்லக்கூடிய அந்தக் குடல் வைரஸா என்றுதான் பார்க்க வேண்டும். பார்வோவாக இருந்தால் ஒரு ராத்திரியே பெரிய விஷயம். இதில் இரண்டு நாள் பார் என்று, முகம் தெரியாத ஒருவர், என் குட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எழுதுகிறார்.

நான் பார்க்கவில்லை, தூக்கிக்கொண்டு ஓடினேன். வேறொரு டாக்டர். அதிகம் பேசாத மனுஷர், ஜிம்மி பேரைக்கூடக் கேட்கவில்லை. ஈறை விரலால் தடவிப் பார்த்தார், காய்ந்திருந்தது. தோளுக்கு மேலே தோலைக் கிள்ளி இழுத்து விட்டார். மடிப்பு உடனே அமுங்கவில்லை, மெதுவாக இறங்கியது. "தண்ணிச்சத்து போயிருக்கும்மா" என்றார். பார்வோ டெஸ்ட் எடுத்தார், இல்லை என்று வந்தபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. பிறகு புது ஆயை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், அதோடு ஒரு ஆன்டிஜென் டெஸ்ட், ஆயில் ஒட்டுண்ணியின் புரதம் இருக்கிறதா என்று தேடுவது. ஜியார்டியா.

ஜியார்டியா என்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி, குட்டிகளுக்குச் சாதாரணமாக வருவது. எல்லா நாளும் ஆயில் வெளியேறாது, அதனால் ஒரு தடவை பார்த்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. சந்தேகம் இருந்தால் வெவ்வேறு நாட்களில் மூன்று சாம்பிள் பார்ப்பார்கள், அல்லது இந்த ஆன்டிஜென் டெஸ்ட் சேர்த்துச் செய்வார்கள். வழக்கமாகக் கொடுக்கிற பைரண்டெல் மாதிரியான பூச்சி மருந்து உருண்டைப் புழுவுக்கும் கொக்கிப் புழுவுக்கும்தான், ஜியார்டியா அதற்கு அசையாது. "பூச்சி மருந்து குடுத்தாச்சே, பூச்சியா இருக்காது" என்று ஆப்பில் அடித்துச் சொன்னார்களே, அது எவ்வளவு பெரிய பொய் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எடைக்கு ஏற்ப ஃபென்பெண்டசோல் என்ற மருந்து சில நாள், தண்ணீர்ச்சத்துக்கு ட்ரிப்ஸ், மருந்து முடிகிற நாளில் பின்பக்க முடியை நன்றாகக் குளிப்பாட்டிக் காயவைக்க வேண்டும், ஆயை உடனுக்குடன் எடுக்க வேண்டும், தட்டையும் படுக்கையையும் கழுவிக் காயவைக்க வேண்டும். முடியில் ஒட்டியிருப்பதை நக்கியே திரும்ப வரவழைத்துக்கொள்ளுமாம் குட்டிகள். இதுவரை எனக்கு ஒருத்தரும் சொல்லாத விஷயம் இது. எல்லாம் சேர்த்து ஆன செலவு அந்த 28,000-இல் இருபதில் ஒரு பங்கு இருக்காது.

ஜிம்மி தேறிவிட்டான். எடையும் ஏறுகிறது.

டாக்டர் ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து அவர்களுக்கு அனுப்பினேன், 28,000-ஐத் திருப்பிக் கேட்டு. முதல் பதில், "வெளி ஆய்வக அறிக்கைகளை ஏற்பதில்லை". இரண்டாவது பதில், ஒவ்வொரு ஞாயிறும் மதியத்துக்குள் ஆய் படம் போட்டிருக்க வேண்டுமாம், ஒரு வாரம் தவறியதால் வாபஸ் உத்தரவாதம் ரத்து. குட்டி ட்ரிப்ஸில் கிடந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறார்கள்! அந்த நிபந்தனை பச்சை எழுத்துக்குப் பக்கத்தில் இல்லை, எங்கோ அடியில் வேறொரு பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. மூன்றாவது பதிலில், இரண்டாம் டெஸ்ட் படி ஜிம்மியின் குடல் சமநிலை 34-லிருந்து 61 ஆக உயர்ந்திருக்கிறதாம், வாழ்த்துகளாம், அடுத்த திட்டத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடியாம். அந்த இரண்டாம் டெஸ்டுக்கு நான் சாம்பிள் அனுப்பவே இல்லை. பெட்டியோடு வந்த பஞ்சுக்குச்சி உறை பிரிக்காமல் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதையும் படம் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பதில்தான் இன்று காலை வந்த அந்த ஒரு வரி.

பட்டியல் போடுகிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புது ஆயைச் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு நேரில் டாக்டரிடம் போங்கள், மலப் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள், ஒரு தடவை ஒன்றும் இல்லை என்று வந்தாலும் திரும்ப வந்தால் திரும்பப் பாருங்கள். வாந்தி, ரத்தம், வெளுத்த ஈறு, சாப்பாட்டை மறுப்பது, சுருண்டு படுப்பது, இதில் எது இருந்தாலும் அன்றே ஓடுங்கள், எந்த ஆப்பையும் கேட்காதீர்கள். மனிதர்களுக்கான வயிற்றுப்போக்கு மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள், அந்த மாத்திரைகளில் இருக்கிற லோபரமைடு சில இன நாய்களுக்கு மூளையைத் தாக்கும். டாக்டரிடம் போகாதே என்று சொல்கிறவன் எவனாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கார்டில் ஆட்டோ டெபிட் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மூன்று மாதத் திட்டம் என்று சொல்லித்தான் 28,000 வாங்கினார்கள், நேற்று நாலாவது மாதத்துக்கும் பணம் எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். கார்டை முந்தின நாளே பிளாக் செய்திருந்ததால் போகவில்லை, பேங்கிலிருந்து மெசேஜ் மட்டும் வந்தது.