முதுநிலைப் புள்ளியியல், பகுதிநேரம்: கட்டணம் கட்டிப் படித்த ஒருவரின் மதிப்புரை

மருந்து ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இளநிலையில் படித்தது வேதியியல். வேலையை விடாமல், மாலையிலும் வார இறுதியிலும் இணையவழியில் நடக்கும் இரண்டாண்டு முதுநிலைப் புள்ளியியல் படிப்பில் சேர்ந்து, சென்ற பருவத்தோடு முடித்துவிட்டேன். கல்வியைக் கடைச்சரக்குபோல எடைபோடலாமா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். கட்டணம் செலுத்தியதும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மின்னஞ்சல் ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே’ என்றுதான் தொடங்கியது. ஆகவே வாடிக்கையாளராகவே எழுதுகிறேன்.

முதலில் அவர்களுடைய விளம்பரக் கையேடு. முதுநிலை முடித்தவர்களின் சராசரிச் சம்பளம், இளநிலையோடு நின்றவர்களுடையதைவிட மிக அதிகம் என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த வாக்கியத்தை ஏன் அப்படியே நம்பக் கூடாது என்பதையும் இரண்டாம் பருவத்தில் அவர்களேதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

1973-ஆம் ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முதுநிலை மற்றும் ஆய்வுப் படிப்புகளுக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதத்தினருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் சுமார் 35 சதவீதத்தினருக்குத்தான் கிடைத்தது. பார்த்தவுடன் அநீதி என்றே தோன்றும். துறைவாரியாகப் பிரித்தபோது அந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துபோனது. சில துறைகளில் தராசு பெண்கள் பக்கம் சற்றுச் சாய்ந்தே இருந்தது. இடம் கிடைப்பதே அரிதான துறைகளுக்குப் பெண்கள் கூடுதலாக விண்ணப்பித்திருந்தார்கள் என்பதுதான் காரணம். கையேட்டின் சம்பளக் கணக்கையும் இப்படிப் பிரித்தாக வேண்டும். முதுநிலைக்கு வருபவர்களில் பலர் ஏற்கெனவே நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள், சம்பாதிக்காமல் இரண்டு ஆண்டு தாக்குப்பிடிக்க வசதி உள்ளவர்கள், சம்பளம் அதிகமுள்ள துறைகளைத் தேர்ந்தெடுத்தவர்கள். மேற்படிப்பு இல்லாமலே அவர்கள் எவ்வளவு சம்பாதித்திருப்பார்கள்? கையேடு அந்தப் பக்கம் போவதே இல்லை.

வகுப்பில் ஒருவர் கையேட்டுப் பக்கத்தைத் திரையில் காட்டி, இதையும் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். பேராசிரியர் சிரித்துவிட்டு அதையே அந்த வாரப் பயிற்சியாகக் கொடுத்தார். கட்டிய பணத்தில் ஒரு பகுதி அன்றைக்கே எனக்கு வசூலாகிவிட்டது.

பொருளியலாளர்களிடையே இது பழைய வழக்கு. படிப்பு ஆளின் திறனைக் கூட்டுகிறது, அதனால் சம்பளமும் கூடுகிறது என்பது கேரி பெக்கர் 1964-இல் விரிவாக எடுத்துவைத்த வாதம். 1973-இல் மைக்கேல் ஸ்பென்ஸ் வேறொரு பக்கத்தைக் காட்டினார்: படிப்பு எதையுமே கற்றுத்தராவிட்டாலும், அதை முடித்துக்காட்டியவர் திறமைசாலி என்பதை முதலாளிக்குத் தெரிவிக்கும் அடையாளமாகப் பட்டம் வேலை செய்யும். இருவருக்கும் பின்னாளில் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் வகுப்பிலேயே இரண்டு தரப்புக்கும் சாட்சி உண்டு. உடன் படித்த ஒருவருக்குப் பதவி உயர்வு விதியிலேயே முதுநிலைத் தகுதி எழுதப்பட்டிருந்தது. சான்றிதழ் வந்தது, பதவியும் வந்தது. பாடத்தில் என்ன இருந்தது என்று அங்கே எவரும் கேட்கவில்லை. அவருக்கு இந்தப் படிப்பு நூற்றுக்கு நூறு.

எனக்குச் சம்பளம் உயரவில்லை. பட்டச் சான்றிதழின் நகலை மனிதவளப் பிரிவு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் வேலை மாறிவிட்டது. 1924-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் வகுத்துத் தந்த கட்டுப்பாட்டு வரைபடத்தைத்தான் எங்கள் ஆலையில் இன்றும் பயன்படுத்துகிறோம்: ஒரு நடுக்கோடு, மேலே ஓர் எல்லை, கீழே ஓர் எல்லை. மாத்திரையின் எடை சற்று ஏறினால் இயந்திரத்தை ஒரு பக்கம் திருகுவார்கள், இறங்கினால் மறுபக்கம். எல்லைக்குள் நிகழும் ஏற்ற இறக்கம் இயல்பானது. அதைத் துரத்தித் துரத்தித் திருகினால் சிதறல் கூடத்தான் செய்யும். இதை எங்கள் ஆலைத் தரவைக் கொண்டே ஆய்வேட்டில் காட்டினேன். ஷிப்டு பொறுப்பாளர் முதலில் முணுமுணுத்தார். இப்போது திருகுவதற்கு முன் என் மேசைக்கு வந்து, “இது இயல்பான ஏற்ற இறக்கமா, வேறு வகையா, மேடம்?” என்று கேட்கிறார். முன்பெல்லாம் கூட்டங்களில் எண்களை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இப்போது அந்த எண்கள் எப்படி வந்தன என்று கேட்கிறேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை.

இனிக் குறைகள். பதிவு செய்த விரிவுரைகள் மந்தமானவை. சில பாடங்களில் பேசுபவர் தன் சறுக்குப்படங்களையே வாசித்தார். பாடப்பொருளை எல்லோருக்கும் இலவசமாகத் தரப்போவதாக அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2001-இலேயே அறிவித்துவிட்டது, வெறும் விரிவுரைக்காகப் பணம் கட்டத் தேவையே இல்லை. குழுப்பணி என்ற பெயரில் நடந்ததில் வேலை செய்தவர்கள் செய்தார்கள், மற்றவர்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். வேலைவாய்ப்பு ஆலோசகர் என் தன்விவரத்தில் எழுத்துருவை மாற்றச் சொன்னார். மிகவும் எரிச்சல் தந்தது நூலகம்: பட்டம் பெற்ற கையோடு ஆய்விதழ்களுக்கான அனுமதியைத் துண்டித்துவிட்டார்கள். எதை எப்படித் தேடிப் படிப்பது என்று கற்றுக்கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவது என்ன நியாயம்?

உண்மையில் நான் பணம் கொடுத்து வாங்கியது நெறியாளரின் கவனத்தை. ஆய்வேட்டின் முதல் வரைவைப் பக்கம் பக்கமாகப் படித்து, ஓரத்தில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுதி அனுப்பினார்: “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” பதில் இல்லாத வாக்கியங்களை எடுத்தபோது அத்தியாயம் பாதியாகச் சுருங்கியது. கெடுவும், பிழையைத் தயவில்லாமல் சுட்டும் ஒரு வாசகரும் இலவசக் காணொளியோடு வருவதில்லை. எனக்குள் ஏதேனும் வளர்ந்திருந்தால் அது அந்த ஓரக் குறிப்புகளால்தான்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருகிறேன். பட்டம் இல்லாமல் நுழையவே முடியாத தொழிலுக்குப் போகிறவர்கள் யோசிக்காமல் சேரலாம். வேலையில் விடை தெரியாத கேள்வி ஒன்று உறுத்திக்கொண்டிருப்பவர்களும் சேரலாம். இளநிலை முடிந்தது, அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதற்காகச் சேருபவர்களுக்கு இந்தப் படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்கள் வகுப்பில் பாதியில் நின்றவர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான். சேருமுன் பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள்: ஆய்வேட்டுக்கு நெறியாளர் யார், அவர் ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறார், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள். சம்பளத்தைப் பற்றிப் பேசினால் சராசரியை விட்டுவிட்டு இடைநிலை எண்ணை, அதாவது எல்லோர் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதைக் கேளுங்கள். சிலருடைய பெருஞ்சம்பளம் சராசரியைத் தூக்கிவிடும். கட்டணத்தை உங்கள் நிறுவனமே ஏற்பதாக இருந்தால், படிப்பு முடிந்த பின் எத்தனை ஆண்டுகள் அங்கேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.