மௌனா கியா நட்சத்திரச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஹவாய்த் தீவில் உள்ள மௌனா கியா மலையின் உச்சியில் சூரிய அஸ்தமனத்தையும், இருட்டிய பிறகு நட்சத்திரங்களையும் காட்டுவதாகச் சொன்ன ஒரு சுற்றுலா நிறுவனத்திடம் நானும் என் மனைவியும் ஏமாந்தோம். பணம் போனதுகூடப் பெரிதில்லை. உச்சியில் என் மனைவியின் உடல்நிலை கண்ணெதிரே மோசமானபோது, வண்டியைக் கீழே இறக்க அந்த வழிகாட்டி மறுத்தார் என்பதுதான் இன்னும் மனத்தில் ஆறாமல் இருக்கிறது. அதே மலைக்குப் போகத் திட்டமிட்டிருப்பவர்களுக்காக, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

விளம்பரத்தில் மேகக் கடலுக்கு மேலே சூரியன் இறங்கும் படமும், அதற்குக் கீழே அடிவானம் முதல் தலைக்கு மேல் வரை பால்வீதி விரிந்திருக்கும் படமும் இருந்தன. உச்சிக்குப் போகும் முன் உடல் பழகுவதற்கு அரை மணி நேர ஓய்வு, தேர்ந்த வழிகாட்டியுடன் ஒன்றரை மணி நேர நட்சத்திர தரிசனம், பெரிய தொலைநோக்கி, வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் என்று எல்லாம் எழுதியிருந்தார்கள். விடுமுறையில் எங்களுக்கு ஒத்துவந்த ஒரு நாளைச் சொன்னதும் உடனே இடம் இருப்பதாகப் பதில் வந்தது. அந்த நாள் பௌர்ணமிக்கு முந்தைய நாள் என்பதை அவர்கள் சொல்லவில்லை. நாட்காட்டியைப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

தீவின் மேற்குக் கரையில் உள்ள கோனா பக்கத்திலிருந்து கிளம்ப வேண்டிய வேன், காலியாக இருந்த இருக்கைகளை நிரப்புவதற்காக மேலும் இரண்டு விடுதிகளுக்குப் போய் வந்ததில், ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாயிற்று. அந்த மாலையில் பிற்பாடு நடந்த தவறுகளில் பெரும்பாலானவை இந்தத் தாமதத்திலிருந்துதான் கிளைத்தன. மௌனா கியாவின் உயரம் 4,200 மீட்டருக்கும் சற்று அதிகம். கடல் மட்டத்தில் கிடைப்பதைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறைவான ஆக்சிஜனே அங்கே கிடைக்கும். கடற்கரையிலிருந்து சில மணி நேரத்தில் அந்த உயரத்தை எட்டிவிடுவதால், சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் பார்வையாளர் மையத்தில் குறைந்தது அரை மணி நேரமாவது தங்கி, உடலைப் பழக்கிக்கொண்டு மேலே போக வேண்டும் என்று அங்கே வலியுறுத்துகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது கழிப்பறைக்குப் போய்வரப் பத்து நிமிடம். சூரியன் நமக்காகக் காத்திருக்காது என்று சொல்லி வழிகாட்டி எல்லோரையும் வண்டியில் ஏற்றினார்.

அந்தப் பத்து நிமிடத்திலும் ஒரு காரியம் நடந்தது. எங்களுடன் வந்த ஓர் இளம் தம்பதி அன்று காலைதான் ஸ்கூபா முறையில் ஆழ்கடலில் இறங்கிவிட்டு வந்திருந்தார்கள். அப்படி இறங்கியவர்கள் 24 மணி நேரத்துக்கு உச்சிக்குப் போகக் கூடாது என்ற எச்சரிக்கையை அவர்கள் மையத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள். நீருக்கடியில் அழுத்தத்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், காற்றழுத்தம் குறைந்த உயரத்தில் குமிழிகளாக வெளிப்பட்டு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். முன்பதிவுப் படிவத்தில் இந்தக் கேள்வியே இல்லை. வழிகாட்டி ஒன்றும் ஆகாது என்று தோளைத் தட்டினார். அவர்கள் நல்லவேளையாக நம்பவில்லை. முழுக் கட்டணத்தையும் கொடுத்துவிட்டு, நாங்கள் திரும்பும் வரை அந்த மையத்திலேயே குளிரில் காத்திருந்தார்கள்.

அங்கிருந்து மேலே போகும் பாதையின் பெரும்பகுதி சரளைக்கல் சாலை. உச்சியை அடைந்த சில நிமிடங்களில் என் மனைவிக்குத் தலைவலி தொடங்கி, பிறகு குமட்டலாகி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவே நேரம் எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்தாள். உயரத்தால் வரும் உபாதைக்கு முதல் மருந்து உடனே கீழே இறங்குவதுதான். நான் அதைக் கேட்டபோது, மற்றவர்களும் பணம் கட்டித்தான் வந்திருக்கிறார்கள், இன்னும் இருபது நிமிடத்தில் அஸ்தமனம் முடிந்துவிடும் என்று வழிகாட்டி பதில் சொன்னார். ஆக்சிஜனைக் கேட்டேன், அது நிறுவனத்தின் வேறொரு வண்டியில் இருப்பதாகச் சொன்னார். அந்த மலையில் ரேஞ்சர்கள் ரோந்து வருகிறார்கள், அவர்களிடம் உதவி கேட்டிருக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. உங்களுக்கு அப்படி ஒரு நிலை வந்தால் வழிகாட்டியின் அனுமதிக்காகக் காத்திருக்காதீர்கள்.

மேகங்கள் காலுக்குக் கீழே சிவந்ததும், மலையின் முக்கோண நிழல் கிழக்கே நீண்டுகொண்டே போனதும் உண்மையிலேயே அழகாக இருந்தன என்று சக பயணிகள் சொன்னார்கள். நான் வண்டிக்குள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அஸ்தமனமாகி அரை மணி நேரத்துக்குள் பார்வையாளர்கள் உச்சியிலிருந்து இறங்கிவிட வேண்டும் என்பது விதி. பாதி தூரம் இறங்கிய பிறகுதான் அவளுக்கு முகம் தெளிந்தது.

நட்சத்திர தரிசனம் கீழே, பார்வையாளர் மையத்துக்கு அருகில் நடந்தது. முந்திய நாட்களில் நான் கற்பனை செய்து வைத்திருந்த இருட்டு அங்கே இல்லை. ஏறத்தாழ முழு நிலவு கிழக்கே உயர்ந்து, தரையில் எங்கள் நிழல் விழும் அளவுக்கு ஒளி வீசிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட வானத்தில் பால்வீதி தெரிய வழியே இல்லை. அஸ்தமனத்துக்குப் பிறகு அந்தி ஒளி முற்றிலும் அடங்கவே அங்கே ஒன்றேகால் மணி நேரம் ஆகும். எங்கள் தரிசனமோ அதற்குள் தொடங்கி, 25 நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆடும் முக்காலியில் நின்ற ஒரு சிறிய தொலைநோக்கியை வழிகாட்டி முதலில் நிலவின் பக்கமே திருப்பினார். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும்; அவ்வளவு பிரகாசமான நிலவை உற்றுப் பார்த்தவருக்குப் பழகிய கொஞ்சமும் போய்விடும். இதை அறியாத ஒருவரை நட்சத்திர வழிகாட்டி என்று அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

திரும்பி வந்ததும் எழுத்து மூலம் புகார் செய்தேன். இயற்கைச் சூழ்நிலைகளுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்ற நிபந்தனையை மேற்கோள் காட்டி, அடுத்த பயணத்தில் சிறிய சலுகை தருவதாகப் பதில் வந்தது. மேகம் மூடியிருந்தால் அந்த நிபந்தனையை நானே மதித்திருப்பேன். ஆனால் நிலவு எந்த நாளில் முழுமையாகும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே கணிக்கப்பட்டு அச்சிடப்படும் விஷயம். அதைத் தெரிந்துகொண்டே பால்வீதிப் படத்தைக் காட்டி அந்த நாளை விற்றதற்கு இயற்கை எப்படிப் பொறுப்பாகும்? அரை மணி நேர ஓய்வு, ஆக்சிஜன் சிலிண்டர் ஆகியவற்றைப் பற்றி அந்தப் பதிலில் ஒரு வார்த்தைகூட இல்லை.

முன்பதிவு செய்பவர்கள் நாளைக் குறிக்கும் முன் அமாவாசையை ஒட்டிய நாட்களையோ, நிலவு தாமதமாக உதிக்கும் தேய்பிறை நாட்களையோ பாருங்கள். உச்சிக்கு வணிகச் சுற்றுலா நடத்த அனுமதி பெற்றிருக்கிறார்களா, மையத்தில் எத்தனை நிமிடம் நிறுத்துவார்கள், யாருக்காவது முடியாமல் போனால் உடனே இறங்குவார்களா, ஆக்சிஜன் அதே வண்டியில் இருக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இருதய நோயும் சுவாசக் கோளாறும் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மையத்தைத் தாண்டி மேலே போகக் கூடாது என்பதையும், பல நிறுவனங்கள் இதைப் பற்றிக் கேட்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கேட்காத நிறுவனத்தைக் கண்டால் அங்கேயே விலகிவிடுங்கள்.

விளம்பரத்தின் படங்களையும் அவர்கள் அனுப்பிய பதிலையும் இணைத்து, கிரெடிட் கார்டு வங்கியிடம் கட்டணத்தை மறுத்து விண்ணப்பித்திருக்கிறேன். விசாரணை இன்னும் முடியவில்லை. நேற்று அந்த நிறுவனத்தின் முன்பதிவுப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, அடுத்த பௌர்ணமி நாளுக்கும் அதே பால்வீதிப் படத்துக்குக் கீழே இடம் இருப்பதாகவே காட்டியது.