துறைக் கட்டடத்தின் உள்சுவர்: நாலரை இஞ்ச் செங்கல்லா, ஏஏசி பிளாக்கா, ஜிப்சம் போர்டா?

பல்கலைக்கழகக் கட்டடத்தில் தூணும் தளமும் தலைமுறை தாண்டி நிற்கும். அறைகளின் அளவு நிற்காது. வகுப்பறை ஆய்வகமாகும், ஆய்வகம் நான்கு ஆசிரியர் அறைகளாகும். அதனால் உள்சுவரை எடுக்கப்போகும் நாளை நினைத்துத்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் தேர்வு ஜிப்சம் போர்டு: தகட்டுச் சட்டத்தின் இருபுறமும் ஜிப்சம் பலகை திருகி எழுப்பும் சுவர்.

முதலில் எடை. 3.2 மீட்டர் உயரத்துக்கு, இருபுறப் பூச்சோடு நாலரை இஞ்ச் செங்கல் சுவர் ஓடுமீட்டருக்கு (சுவர் நீளத்தில் ஒரு மீட்டருக்கு) ஏறக்குறைய 850 கிலோ. 100 மி.மீ. ஏஏசி (காற்றுத் துளைகள் நிறைந்த இலகு கான்கிரீட் பிளாக்) பூச்சோடு 350 கிலோ. பக்கத்துக்கு ஒரு 12.5 மி.மீ. போர்டு, நடுவில் ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) என்றால் 80 கிலோதான். சுவர் எங்கே வரும் என்று தெரியாதபோது அதன் ஓடுமீட்டர் எடையில் மூன்றில் ஒரு பங்கை (குறைந்தது சதுர மீட்டருக்கு 1 கிலோநியூட்டன்) தளம் முழுக்கப் பரப்பிக் கணக்கிட கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, இரண்டாம் பகுதி இடம் தருகிறது. ஆனால் சுவர் ஓடுமீட்டருக்கு 4 கிலோநியூட்டனை, அதாவது சுமார் 400 கிலோவைத் தாண்டக்கூடாது. செங்கல் இங்கேயே கழிந்துவிடும். ஏஏசி தேறிவிடும்.

அப்படியானால் ஏஏசி ஏன் கூடாது? ஒயரிங்தான் காரணம். பிளாக்கில் காடி வெட்டி கண்டுயிட்டை (ஒயர் செல்லும் குழாயை) புதைத்துவிடுவார்கள். பிறகு ஒரு சுவரை இடித்தால் பக்கத்து அறையிலும் கரண்ட் நின்றுவிடும், ஏனென்றால் லைன் அந்தச் சுவர் வழியாகத்தான் ஓடியிருக்கும். சுவருக்குப் பிறகு டைல்ஸ் போட்டிருந்தால் தரையில் வெற்றுப் பட்டை ஒன்று மிஞ்சும். ஜிப்சம் சுவரிலும் ஸ்டட்களை (போர்டைத் தாங்கும் செங்குத்துச் சட்டங்களை) துளைத்து மெயின் லைனை ஓட்டினால் இதே கதிதான். போர்டு வாங்கிய காசு வீண். மெயின் கேபிள் நடைபாதைக் கூரையில் திறந்த ட்ரேயில் போகட்டும். அங்கிருந்து தூண்களுக்கும் வெளிச்சுவருக்கும் இறங்கட்டும். தரை முழுக்க டைல்ஸ் முடிந்தபின் அதன்மேல் ட்ராக்கை (ஸ்டட்கள் நிற்கும் அடிச்சட்டத்தை) பதியுங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில்) 1943-ல் தற்காலிகமாக எழுப்பிய 20ஆம் எண் மரக்கட்டடம் 1998 வரை ஆய்வாளர்களுக்கு உழைத்ததற்கு, ஒயரும் குழாயும் வெளியே கைக்கெட்டும்படி இருந்தது ஒரு முக்கியக் காரணம்.

ஜிப்சத்தில் கெடுவது பெரும்பாலும் சத்தம். ஃபால்ஸ் சீலிங்கோடு சுவரை நிறுத்தினால் பக்கத்து வகுப்பின் பாடம் மேலே ஏறி இறங்கி வரும். சுவர் மேல்தளம் வரை போக வேண்டும். தளம் தொய்வதற்கு 15–20 மி.மீ. இடைவெளி விட்டு, அதை நெகிழும் சீலன்ட்டால் அடைக்க வேண்டும். இருபக்க ஸ்விட்ச் பெட்டிகள் முதுகோடு முதுகாக வரக்கூடாது. ஒரு ஸ்டட் இடைவெளியாவது, அதாவது 600 மி.மீ., தள்ளி வையுங்கள். கருத்தரங்க அறைச் சுவருக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு போர்டு. தரை துடைக்கும் ஈரம் ஏறாமலிருக்க போர்டின் அடிவிளிம்பு தரையிலிருந்து 10 மி.மீ. மேலே நிற்கட்டும். வெண்பலகை, அலமாரி வரும் இடங்களில் போர்டு அடிக்கும் முன்பே ஸ்டட்களுக்கு நடுவே 18 மி.மீ. பிளைவுட் வையுங்கள்.

கழட்டிய ஸ்டட்களில் எத்தனை மறுபடி உதவும் என்பது கழட்டுகிறவர் கையைப் பொறுத்தது. போர்டுகள் பெரும்பாலும் உடைந்துதான் வரும்.

கழிவறை, குழாய் ஷாஃப்ட், மாடிப்படிச் சுற்றுச்சுவர் மூன்றுக்கும் ஏஏசியோ செங்கல்லோதான். அவற்றைக் கட்டடத்தின் இரு முனைகளுக்குத் தள்ளுங்கள். வரைபடத்தில் எடுக்கக்கூடிய சுவருக்கு ஒரு நிறம், எடுக்கவே கூடாததற்கு வேறு நிறம் தீட்டி, அந்தத் தாளைப் பராமரிப்புப் பிரிவிடம் ஒப்படையுங்கள்.